ஏழாம் முனையில் அறுபத்து மூன்று பேர்

அவசர ஒத்திகையில் தலை எண்ணுவதற்கு ஒரு விதி இருக்கிறது. சங்கு ஊதியதும் எல்லோரும் தங்கள் கூடுமுனைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். இன்னொருவர் ஏட்டின் பக்கமே திரும்பாமல் விரலை நீட்டித் தலைகளை எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒன்றாக வந்தால் படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையலாம். ஆள் குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு விதிப் புத்தகத்தில் நான்கு பக்கம் உண்டு. ஆள் கூடினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. முப்பது வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றவன் நான். நான் திருத்தி எழுதிக் கொடுத்த பதிப்பிலும் அந்த வரி இல்லை. சேர்க்கலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். ஆள் கூடினால் யாருக்குத் தகவல் கொடுப்பது என்று தெரியாததால் மூடி வைத்துவிட்டேன்.

ஒரு முனையில் ஆள் கூடிப்போனதை நான் முதலில் பார்த்தது பன்னிரண்டு வயதில், சவூதியின் ஜுபைலில்.

அப்போது ஜுபைல் பாதி கடலும் பாதி கிரேனுமாக இருந்தது. மீதி மணல். பெரிய பெரிய ஆலைகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் ஆள் பிரிவில் அப்பா எழுத்தர். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். படிவங்களின்மேல் அவருக்கு இருந்த பிரியம் கொஞ்சம் மிகையானது. கல்யாண அழைப்பிதழ் வந்தால்கூட இடது மூலையில் குறிப்பு எண் இருக்கிறதா என்று பார்ப்பார். அம்மாவையும் என்னையும் அவர் அங்கே அழைத்துக்கொண்டது பதினோரு இணைப்புகள் கொண்ட ஒரு விண்ணப்பத்தின் மூலம். இணைப்பு ஏழு நான்.

முகாமில் எங்களுக்கு ஒரு தகர அறை வீடு. அதேபோன்ற வீடுகள் வரிசை வரிசையாக, வெள்ளை நிறத்தில், எண்ணைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாமல் நின்றன. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி நான் பல நாள் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். புழுதிக் காற்று வீசும் நாட்களில் எண்ணும் தெரியாது. பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மஞ்சளாகிவிடும். எதிர் வரிசையில் நடப்பவர்களுக்குத் தலையும் தோளும் இருக்கும், கால் இருக்காது.

பக்கத்து ஆலையில் வாயு கசியலாம் என்பதால் வியாழக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு ஒத்திகை. எங்களுக்கு ஏழாம் முனை. எழுத்தர்களின் குடும்பங்கள் நான்கைந்தும், தொழிலாளர் தொகுதி ஒன்றும் அங்கே கூட வேண்டும். பெண்கள் தள்ளி ஒரு வரிசை. ஏட்டைப் பிடித்துப் பெயர் கூப்பிடுவது அப்பா. தலை எண்ணுவது பாதுகாப்பு மேலாளரான ஓர் அமெரிக்கர்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உயரமான ஆள், சிவந்த காதுகள். எவரையும் அதட்டி நான் கேட்டதில்லை. முகாமில் அவரை ‘சேஃப்டி சார்’ என்றார்கள். எண்ணும்போது ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் ஒரு கணம் நின்று, உதட்டை அசைத்து எண்ணுவார். எங்கள் முனையின் ஏட்டில் அறுபத்திரண்டு பேர். அவருக்கு அறுபத்து மூன்று வரும். விடுப்பில் போனவர்களைக் கழித்து ஏடு ஐம்பத்தெட்டு என்றால் அவருக்கு ஐம்பத்தொன்பது. எப்போதும் ஒன்று கூட. முதலிலிருந்து மறுபடி எண்ணுவார். மூன்றாம் முறையும் அதுவே வரும். பிறகு வரிசையின் கடைசி ஆளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு அப்பாவின் எண்ணையே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அவ்வளவு நேரமும் வெயிலில் நிற்பவர்களுக்கு எரிச்சல் வரும். பஸ் ஓட்டும் மதுரைக்காரர் ஒருவர் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பார். “தொரை எண்ணுறதுல பேயும் சேத்தி போல. பாவம், அதுக்கும் இங்க தங்க ஒரு இகாமா அட்டை அடிச்சுக் குடுத்துருங்க சார்,” என்று அப்பாவிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார். தன் ஏடு தவறு என்று ஒருவர் வாரா வாரம் நினைப்பது அவருக்குச் சிரிப்பில்லை.

அந்த வருடம்தான் சின்ன மாமா வந்தார்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. ஊரில் பையன்கள் காணாமல் போகத் தொடங்கியிருந்த காலம். சிலரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. சிலர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், இயக்கத்தில் சேர்ந்தார்கள். சின்ன மாமாவின் வகுப்பில் நாற்பது பேர் இருந்த இடத்தில் இருபத்தெட்டு பேர் இருக்கிறார்கள் என்று கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மனைவியின் தம்பியைக் குடும்ப விசாவில் கூப்பிட விதியில்லை. வேலை விசாவில் வர இருபத்தொரு வயது வேண்டும். சின்ன மாமாவுக்குப் பதினாறு.

வாழ்க்கையில் ஒரு முற்றுப்புள்ளியைக்கூட இடம் மாற்றி வைக்காத அப்பா, மூன்று நாள் யோசித்தபின் கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரனுக்கு எழுதினார். ஐந்து வருடம் கூடிய பிறப்புச் சான்றிதழும், அதை நம்பிய ஒரு கடவுச்சீட்டும் தயாராயின. கடவுச்சீட்டுப் படத்தில் சின்ன மாமாவுக்கு மீசை இருந்தது. நேரில் இல்லை. ஏஜென்சிக்காரனின் மனைவி கண்மையால் வரைந்தாளாம்.

சின்ன மாமா வருவதற்கு முன் அப்பா என்னை உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மாமாவுக்கு இருபத்தொரு வயது. இரண்டாவது, ஊரைப் பற்றி எவர் கேட்டாலும் ஒரே பதில். நம் ஊரில் பிரச்சினை என்று கேள்விப்பட்டால் நம் ஆட்களுக்கு விசா கொடுக்க யோசிப்பார்கள், இருப்பவர்களையும் திருப்பி அனுப்புவார்கள் என்று அலுவலகத்தில் பேச்சிருந்தது.

“ஆரும் கேட்டா ‘எவ்ரிதிங் இஸ் ஃபைன்’ எண்டு சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல் வேண்டாம்,” என்றார். ஐந்து முறை சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன்.

சின்ன மாமா வந்த வியாழக்கிழமை பலத்த புழுதிக் காற்று. சங்கு ஊதியபோது வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடினோம். புதியவர் என்பதால் மாமா தொழிலாளர் வரிசையின் கடைசியில் நின்றார். நிறுவனம் கொடுத்த ஹெல்மெட் அவருடைய புருவம் வரை இறங்கியிருந்தது. அப்பா அன்று புதிய ஏட்டில் அறுபத்து மூன்று பெயர் கூப்பிட்டார். அமெரிக்கர் முகம் முகமாக எண்ணிக்கொண்டு வந்தார். சின்ன மாமாவின் முன்னால் வந்ததும் விரல் அப்படியே நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

அறுபத்து மூன்று. முதல் எண்ணிக்கையிலேயே சரி. மதுரைக்காரர், “பேய்க்கு வேலை கெடச்சிருச்சு,” என்று மெதுவாகச் சொன்னார்.

அமெரிக்கர் நகரவில்லை. காற்று மணலை அவர் முகத்தில் அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கண்ணைக்கூடத் துடைக்காமல் மாமாவையே பார்த்தார். பிறகு எத்தனை வயது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தபடி, “ட்வென்டி ஒன், சார்,” என்றார் மாமா. குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது. அமெரிக்கர் அவரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமாவின் பெயருக்கும் அதற்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்தாது. டேனி.

அன்றிலிருந்து அவர் சின்ன மாமாவை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார். கிடங்கில் நின்றாலும் உணவுக்கூடத்தில் நின்றாலும், தூரத்தில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவும் முதலில் திருத்திப் பார்த்தார். பிறகு திரும்பத் தொடங்கினார். ஒரு நாள் அம்மா சமையலறையிலிருந்து மூன்று தரம் “தம்பி” என்று கூப்பிட்டும் மாமா அசையாமல் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் வேடிக்கைக்கு “டேனி” என்றேன். சட்டென்று திரும்பி “யெஸ் சார்” என்றார். திரும்பிய முகத்தில் நான் யார் என்ற நினைவு கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த வேடிக்கையைச் செய்யவில்லை.

எனக்கும் மாமாவுக்கும் இருந்த உறவைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். வியாழன் இரவும் வெள்ளியும் அவர் எங்கள் வீட்டில். என் கட்டில் அவருக்கு, பாய் எனக்கு. மீனின் நடுத்துண்டு, அதுவரை என்னுடையது, அவருடைய தட்டுக்கு இடம் மாறியது. அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். இதற்கெல்லாம் நான் விண்ணப்பித்திருக்கவில்லை.

போதாததற்கு அவர் என்னோடு போளை, அதாவது கோலிக்குண்டு, அடித்து வென்றுகொண்டே இருந்தார். வீட்டுக்குப் பின்னால் இறுகிய மணலில் குழி தோண்டி ஆடுவோம். வாரம் முழுவதும் இருபத்தொரு வயதுத் தொழிலாளியாக இரும்புக் குழாய் சுமந்தவர், அந்தக் குழியின் முன்னால் குந்தியதும் அந்த ஐந்து வருடத்தையும் கழற்றி வைத்துவிடுவார். கூச்சல் போடுவார், அளாப்பி ஏமாற்றுவார், கோட்டைக் காலால் அழிப்பார். நான் அழுகிற நிலைக்கு வந்தால், “டேய், நான் இருபத்தொரு வயசு ஆம்பிளையடா. என்னட்டத் தோத்தா மரியாதை,” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் என்னுடைய கடைசிப் போளையையும் வென்றார். உள்ளே நீல நிறத்தில் ஒரு சுழி இருக்கும் கண்ணாடிப் போளை. வென்றதும் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குளிக்கப் போய்விட்டார். நான் குழியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது அமெரிக்கர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் வந்த வழியில் மணலில் ஒரு ஜோடிச் செருப்படிதான் இருந்ததா என்று நான் ஏன் குனிந்து பார்த்தேன் என்றும் தெரியாது. பார்த்தேன். காற்று எல்லாவற்றையும் அழித்திருந்தது.

அவர் என்னருகே குந்தினார். முழங்கால் சத்தமிட்டது. தோற்றுவிட்டாயா என்று கேட்டார். தலையாட்டினேன். நான் பள்ளியில் எத்தனையாம் வகுப்பு, எப்போது சேர்ந்தேன் என்றெல்லாம் விசாரித்தார். எவரும் என்னை விசாரிக்காத காலத்தில் ஒரு பெரிய மனிதர் விசாரித்தது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு வயது வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று கேட்டார்.

நான் எழுந்து நின்று செய்துகாட்டினேன். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கு வயது வந்துவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. எங்கள் தலைமை ஆசிரியர் பிறப்புச் சான்றிதழை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதைத் தொடச் சொல்வார். காகிதத்தைவிடக் கையை நம்பிய மனிதர். என் விரல் காதுக்கு அரை அங்குலம் எட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்த சின்ன மாமா பின்னாலிருந்து என் தலையை மெல்லச் சாய்த்துவிட்டார். விரல் பட்டது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன்.

அமெரிக்கர் சிரித்தார். டேனிதான் உன்னைக் கூட்டிப் போனானா என்றார். ஆமாம், என்றேன். அவன் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானா?

“நோ. ஹி வாஸ் இன் ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட்,” என்றேன்.

சொல்லும்போதே கணக்கு எனக்குத் தெரிந்தது. எண் பாடத்தில் நான் மோசமில்லை. என் வயது பன்னிரண்டு, மேலே நான்கு வகுப்பு. வாயை மூடிக்கொள்ள ஒரு கணம் இருந்தது. சட்டைப்பையில் போன அந்த நீலச் சுழி நினைவுக்கு வந்தது. மூடவில்லை. “ஃபோர் கிளாசஸ் அபவ் மீ,” என்று தெளிவாகவும் சொன்னேன்.

அவர் எழுந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலில் அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஏதோ அவசரக் கடவுச்சீட்டு வேலைக்காக அப்பா தம்மாம் போயிருந்தார். சின்ன மாமாவுக்கு அன்று மேலதிக நேர வேலை. முகாமில் தொழுகை நேரத்து அமைதி. குளிரூட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தேத்தண்ணி வைத்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் அமர்ந்தேன். அதுதான் நான் பார்த்த முதல் உத்தியோகம்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார், நான் மொழிபெயர்க்க நேரம் விட்டு. தான் படையில் சேர்ந்தபோது தனக்குப் பதினான்கு வயது என்றார். ஜப்பானோடு நடந்த சண்டைக் காலம். ஊரில் ஒரே தெருவில் இரண்டு பையன்கள், இவரும் டேனியும். டேனிக்குப் பதினைந்து. இருவரும் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். தகப்பன் கையெழுத்து வேண்டியிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் இருந்த ஒரு குடிகாரர் இருவருக்கும் தகப்பனாகக் கையெழுத்துப் போட்டார். ஒரே மையில், ஒரே நாளில், இரண்டு குடும்பப் பெயரில்.

சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். சீருடையில் ஒரு பையன். ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருந்தது. கழுத்து சட்டைக்குள் நிறையவில்லை. பையனுக்குப் பக்கத்தில் படம் வெட்டுப்பட்டிருந்தது. ஓரத்தில் இன்னொருவனுடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “எங்கட தம்பியைப் போலயெல்லோ கிடக்கு,” என்றாள். அவள் விரல் பையனின் முகத்தில் இல்லை. அந்த முழங்கையில் இருந்தது.

படத்தில் இருப்பது தான், அந்த முழங்கை டேனியுடையது என்றார் அவர். மருத்துவப் பரிசோதனையில் ஒரு மருத்துவர் இருவருடைய வாயையும் திறந்து பல்லைப் பார்த்தாராம். கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்காததைக் கண்டவர் வயதைக் கண்டுகொண்டார். கண்ணைச் சிமிட்டிவிட்டு முத்திரை குத்தினார். நல்ல மனிதர், எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்தார் என்றார் அமெரிக்கர். ஒரு தீவில் இறங்கிய இரண்டாம் நாள் டேனி போனான். மாலையில் தலை எண்ணினார்கள். எண்ணிய அதிகாரியின் கணக்கில் ஒருவன் குறைந்தான். பக்கத்தில் நின்ற இவர் எண்ணிப் பார்த்தபோது குறையவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை குறைந்ததில்லை. டேனியின் கல்லறைக் கல்லில் வயது பதினெட்டு என்று வெட்டியிருக்கிறார்கள் என்றார். நான் அம்மாவுக்கு அதைச் சொன்னபோது குளிரூட்டி ஒரு முறை நின்று மறுபடி இரைந்தது.

அந்த மருத்துவர் கண் சிமிட்டாமல் எங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம், என்றார். நாற்பது வருடமாக நான் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு அம்மாவை நேராகப் பார்த்து, இந்தப் பையனுக்கு ஊரில் தாய் இருக்கிறாளா என்று கேட்டார்.

“ஓம், இருக்கிறா,” என்றாள் அம்மா. யெஸ், என்றேன்.

பதினாறு வயதில் இரும்பு சுமக்க வேண்டாம். நானே அவனைத் தாயிடம் அனுப்புகிறேன். உங்கள் கணவருக்கு ஒரு கெடுதலும் வராது, வயது எந்தக் காகிதத்திலும் வராது, மருத்துவக் காரணம் என்று எழுதுவேன், என்றார். நான் சொல்லி முடிக்கும் முன்பே அம்மாவின் முகம் வெளுத்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“இவரிட்டச் சொல்லு. அங்க வீட்டுக்கு வீடு பொடியள் இல்லாமப் போகுதுகள். ஆமி பிடிச்சாலும் வராதுகள், இயக்கத்துக்குப் போனாலும் வராதுகள். அவன் இஞ்ச நிக்கட்டும். எவ்வளவு இரும்பும் தூக்கட்டும். நான் கும்பிட்டுக் கேக்கிறன் எண்டு சொல்லு.”

அமெரிக்கர் என்னைப் பார்த்தார். ஊரில் ஏதாவது பிரச்சினையா, தம்பி, என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஐந்து முறை சொல்லிப் பார்த்த பதில். அப்பாவின் முகம், விரல், ‘அதுக்கு மேல ஒரு சொல் வேண்டாம்’ எல்லாம் நினைவில் இருந்தன. அம்மாவுக்கு விதி தெரியாது, எனக்குத் தெரியும் என்ற சிறு பெருமையும் இருந்தது. கட்டில் திரும்பக் கிடைக்கும் என்ற நினைப்பு இருந்ததா என்று இத்தனை வருடமாக என்னையே விசாரித்து வருகிறேன். கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

“எவ்ரிதிங் இஸ் ஃபைன்,” என்றேன்.

அம்மா தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து வேகமாகத் தலையாட்டினாள். இரண்டு கையையும் கூப்பினாள். கண் நிறைந்து வழிந்தது. அமெரிக்கருக்கும் கண் கலங்கியது. எழுந்து நின்று, கூப்பிய கைகளுக்கு முன்னால் தலையைக் குனிந்தார். ஒருவருக்கொருவர் அவ்வளவு நன்றியோடு பிரிந்த இருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

காரியங்கள் ஒழுங்காக நடந்தன. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மேசைக்கு ஒரு நாடுதிரும்பல் படிவம் தட்டச்சுக்கு வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து அமெரிக்கரின் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்பதை அன்று அம்மாவிடம் சொல்லும்போது கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். ஊரில் சண்டை நடக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். இங்கே தங்க விரும்புகிற எல்லோர் ஊரிலும் சண்டை நடக்கிறது என்றாராம் அமெரிக்கர், அன்பாக. உங்கள் மகன் பொய் சொல்லத் தெரியாத பையன், அவனிடம் கேட்டுவிட்டேன் என்றாராம். அதற்கு மேல் பேசினால் ஏஜென்சிக்காரனில் தொடங்கி இணைப்பு ஏழு வரை எல்லாம் வெளியே வரும். அப்பா திரும்பி வந்து, படிவத்தைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து, மேலே அனுப்பினார்.

அன்று மாலை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவர் கேட்டவரோ? நீ என்ன சொன்னனீ?”

“நீங்கள் சொல்லச் சொன்னதைத்தான்.”

“சரி,” என்றார். சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா அன்றிலிருந்து பல மாதம் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. கடைக்காரனிடம்கூடக் கையால் காட்டி வாங்கினாள்.

சின்ன மாமா புதன்கிழமை பிற்பகல் புறப்பட்டார். அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். ஒரு காலுறையில் போட்டு முடிந்து என் போளைகள் எல்லாவற்றையும் திருப்பித் தந்தார். நீலச் சுழி மேலாக இருந்தது. “வச்சிரு, வந்து வெல்லுறன்,” என்றார். பஸ்ஸின் படியில் அமெரிக்கர் அவர் கையைக் குலுக்கி, ஒரு சொக்லேட் பெட்டியைக் கொடுத்து, வீட்டுக்குப் போ, டேனி, என்றார். மாமா “யெஸ் சார்” என்றார். மதுரைக்காரர் வண்டியை எடுத்தார். இரண்டாம் வரிசை தாண்டுவதற்குள் புழுதி பஸ்ஸை மூடியது. விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் போனது.

மறுநாள் ஒத்திகை. ஏட்டில் அறுபத்திரண்டு. அமெரிக்கர் முகம் முகமாக எண்ணினார். அறுபத்திரண்டு, என்றார். நான் பார்த்தவரையில் முதல் தடவை. கடைசி ஆளுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்பதை அவர் கண்டுகொண்டது எனக்கே தெரிந்தது. தோள்கள் தாழ்ந்தன. வயதில் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் போகும்போது, ஒத்திகைக்காக நான் போட்டிருந்த ஹெல்மெட்டைச் செல்லமாகத் தட்டினார். இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். நன்றாகத் தூங்கியிருப்பார்.

அன்று, எல்லோரும் கலைவதற்கு முன், விளையாட்டாக நானும் எண்ணினேன். பெண்கள் வரிசையிலிருந்து தொடங்கி, அம்மா, மதுரைக்காரர், நான், கடைசியில் தொழிலாளர் வரிசை. அறுபத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. பிற்பாடு முப்பது வருடம் வேறு வேறு முனைகளில் அதிகாரபூர்வமாக எண்ணியபோதும் சொல்லவில்லை. ஏட்டின் எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் ஓர் உறை வந்தது. அதில் கடிதம் இல்லை. நான்காக மடித்த ஓர் அச்சடித்த தாள் இருந்தது, சுவரில் ஒட்டுவது. நடுவில் சின்ன மாமாவின் படம். போகும்போது கையில் இருந்த கடவுச்சீட்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். கண்மை மீசை பெரிதானபோது கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தது. கீழே ஏதோ ஒரு பெயர். அவருடைய பெயரல்ல, இயக்கத்தில் வைத்த பெயர். அதற்குக் கீழே பிறந்த திகதி, இறந்த திகதி, வயது இருபத்திரண்டு.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா அந்தத் தாளை மேசையில் விரித்து, மடிப்புகளைக் கையால் நீவிவிட்டு, வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அவர் விண்ணப்பம் எழுதுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். பக்கத்தில் போய் நின்றேன். அனுப்புநர் என்று எழுதித் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். பெறுநர் என்று எழுதி இடம் விட்டார். விடயம்: பிறந்த திகதியைத் திருத்துவது தொடர்பாக. ஐயா, மேற்படி நபர் பிறந்த உண்மையான திகதி, என்று தொடங்கி அதை எழுதினார். கையெழுத்துப் போட்டார். இணைப்புகள் என்று எழுதி, ஒன்று என்று போட்டு, நிறுத்தினார்.

மறுபடி மேலே போனார். பெறுநருக்குக் கீழே விட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்தார். மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

படிவங்களைப் பற்றி அப்போதே எனக்குக் கொஞ்சம் தெரியும். பிழையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், “அப்பா, ஆருக்கு எண்டு எழுதேல்லை,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

எந்தக் கடிதத்தை எந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை நித்திரையிலும் சொல்லக்கூடியவர். அன்றைக்கு விலாசத்தை மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.